ஒன்பது நொடி ஆக்சிஜன்

அவையோருக்கு வணக்கம். வினைகலன் ஒன்றின் முன் நிற்கும் வேதிவினைப் பொறியாளர் முதலில் கேட்பது, “இங்கே எது மெதுவாக நடக்கிறது?” என்பதுதான். உயிர்த்தொழில்நுட்பத்துக்கு எங்கள் துறை தரக்கூடியவற்றுள் இந்தக் கேள்வியையே தலையாயதாகக் கருதுகிறேன்.

உயிரணு தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் வினையூக்கி என்பது உண்மை; ஆனாலும் இந்தக் கேள்வி அதற்கும் பொருந்தும். 1950-இல் பிரான்சில் உயிரியலாளர் ஜாக் மோனோவும், அமெரிக்காவில் நோவிக், சிலார்டு என்னும் ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியே வெளியிட்ட தொடர்வளர்ப்பு முறையில், ஊட்ட நீர் ஒருபக்கம் இடைவிடாது கலனுக்குள் வர, மறுபக்கம் உயிரணுக்களோடு வெளியேறிக்கொண்டிருக்கும்; உயிரணுக்கள் பெருகும் வேகத்தை அந்த நீரோட்டம் மிஞ்சிவிட்டால் கலனில் இருப்பவை அனைத்தும் அடித்துச் செல்லப்படும். அங்கும் இரண்டு வேகங்களை ஒப்பிடுவதே கணக்கு.

அடர்த்தியான ஈஸ்ட் வளர்ப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சர்க்கரையை லிட்டருக்கு நூற்றுக்கணக்கான கிராம் வரை நீரில் கரைத்துவிடலாம்; ஆக்சிஜனோ, 30 டிகிரி செல்சியஸில் காற்றோடு சமநிலையிலுள்ள நீரில், லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும். அந்த ஈஸ்ட் லிட்டருக்கு மணிக்கு 3 கிராம் ஆக்சிஜனை உட்கொள்வதாக வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள்: காற்றை நிறுத்தினால் கையிருப்பு 9 நொடியில் தீர்ந்துவிடும். குமிழியிலிருந்து ஆக்சிஜன் நீருக்குள் இறங்கும் வேகம்தான் அங்கே விளைச்சலுக்கு வரம்பு கட்டுகிறது. மரபணுவைத் திருத்தி உயிரணுவின் பசியை மட்டும் கூட்டினால், பஞ்சம்தான் முன்கூட்டியே வரும். சர்க்கரையைச் சிறுகச் சிறுக ஊட்டி, ஆக்சிஜன் தேவையை வரத்துக்குள் அடக்கிவைப்பது இதனால்தான்.

பெரிய தொட்டியில் இதுவும் போதாது. ஒரு லிட்டர் கலனில் ஓரிரு நொடியில் முடியும் கலப்புக்கு, பல பத்தாயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். கையிருப்போ 9 நொடிக்குத்தான். சர்க்கரைக் குழாயின் வாயருகே வந்த ஈ. கோலை பாக்டீரியா, அளவுக்கு மீறிய உணவை அசிட்டேட் என்னும் கழிவுப்பொருளாக்கி வெளியே தள்ளும். தொலைவிலுள்ளது அதே நேரத்தில் பட்டினி கிடக்கும். தொட்டி ஒன்றுதான், ஆனால் அதற்குள் பல வினைகலன்கள் இயங்குகின்றன.

இதை ஆய்வக மேசையிலேயே சோதிக்கும் வழி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. நன்கு கலக்கப்படும் சிறு கலனோடு நீண்ட குழாய் ஒன்றை இணைத்து, குழாயின் தொடக்கத்தில் சர்க்கரையைச் செலுத்தி, உயிரணுக்களை அதன் வழியே சுற்றவிடுகிறார்கள். பெரிய தொட்டியின் கெட்ட பகுதியில் ஓர் உயிரணு எத்தனை நொடி தங்குமோ, அத்தனை நொடிப் பயணம் அமையுமாறு குழாயின் நீளத்தையும் ஓட்டத்தையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.