வந்த வழியே திரும்பாத மனிதர்

அவையில் இருக்கும் எல்லோருக்கும் மாலை வணக்கம்.

தளபதியாக இருந்து அமெரிக்க அதிபரானவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வாஷிங்டனைப் பேசலாம், ஐசனோவரைப் பேசலாம். நான் யுலிசஸ் கிராண்டை எடுத்துக்கொண்டேன். காரணம், ஒரு அடகுச் சீட்டு.

1857 டிசம்பர் 23. மிசௌரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரம். கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள். 35 வயது ஆள் ஒருவர் தன் தங்கக் கடிகாரத்தைச் சங்கிலியோடு அடகு வைத்து 22 டாலர் வாங்கிக்கொண்டு போகிறார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர், மெக்சிகோ போரில் பேர் வாங்கியவர். குடிக்கிறார் என்ற பேச்சோடு 1854ல் ராணுவத்தை விட்டு வந்தார். அதற்குப் பிறகு மாமனார் பக்கத்து நிலத்தில் விவசாயம். அது கைகொடுக்கவில்லை. விறகு வெட்டி வண்டியில் ஏற்றி நகரத்தில் விற்றார். கடைசியில் இல்லினாய் மாநிலத்தில் அப்பாவின் தோல் கடையில், தம்பிகளோடு போய் நின்றார்.

அந்தச் சீட்டு எழுதிப் பதினோரு வருஷம் முடியவில்லை. அதே ஆள் அதிபர் தேர்தலில் ஜெயித்துவிட்டார்.

நடுவில் வந்தது உள்நாட்டுப் போர்: அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு வடக்கு நடத்திய போர். அதில் கிராண்ட் வடக்குப் படையின் தளபதியானார். அதை முழுக்கச் சொல்ல இன்னொரு மாலை வேண்டும். நான் ஒரே ஒரு இரவைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவருடைய ஒரு பழக்கம். வழி தப்பினால் வந்த வழியே திரும்ப மாட்டார். முன்னால் போய், வேறு பாதை கிடைக்கிறதா பார்த்து, சுற்றிக்கொண்டாவது போய்ச் சேருவார். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1864 மே மாதம், வர்ஜீனியாவில் ஒரு அடர்ந்த காடு. எதிரே தெற்குப் படையின் தளபதி ராபர்ட் லீ. இரண்டு நாள் சண்டையில் வடக்குப் படைக்கு 17,000 பேருக்கு மேல் சேதம். புதர் தீப்பற்றி, காயம்பட்டவர்கள் கிடந்த இடத்திலேயே எரிந்தார்கள். முன்பிருந்த தளபதிகள் லீயிடம் இப்படி அடி வாங்கினால் வடக்கே ஒதுங்கி ஓய்வெடுப்பார்கள். மே 7 இரவு படை கிளம்பியது. சிப்பாய்களும் அதையேதான் எதிர்பார்த்தார்கள். ஒரு சாலைச் சந்திப்பு வந்தது. குதிரை மேல் இருந்த கிராண்ட் தெற்கே திரும்பினார், லீ இருக்கும் பக்கமாக. அடி வாங்கிய அந்தச் சிப்பாய்கள் தொப்பியை வீசி ஆரவாரம் செய்தார்கள். அவரோ, சத்தம் எதிரிக்குக் கேட்டுவிடும், நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். அவ்வளவுதான் அவருடைய வீரவசனம்!

இந்தப் பிடிவாதத்துக்கு விலையும் உண்டு. அடுத்த மாதமே கோல்டு ஹார்பரில் பலன் இல்லாத ஒரு தாக்குதலில் ஆயிரக்கணக்கில் ஆட்களை இழந்தார். கசாப்புக்காரர் என்று வைதார்கள். அந்தத் தாக்குதலுக்கு உத்தரவிட்டதற்காகக் கடைசி வரை வருந்தினார். 1862ல் தன் போர்ப் பகுதியிலிருந்து யூதர்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒரு உத்தரவும் போட்டார்; லிங்கன் அதை ரத்து செய்தார். பாராட்டப் பேச வந்தவன் இதை விழுங்கிவிட்டுப் போகக் கூடாது.

1865 ஏப்ரல் 9, அப்பமாட்டக்ஸ் ஊரில் ஒரு வீட்டுக் கூடம். சரணடைய வந்த லீ மடிப்புக் கலையாத சீருடையில், இடுப்பில் வாளோடு உட்கார்ந்திருக்கிறார். ஜெயித்த கிராண்ட் சாதாரணச் சிப்பாயின் சட்டையில், பூட்ஸ் எல்லாம் சேறாக வருகிறார். பழைய மெக்சிகோ போர்க் கதை பேச ஆரம்பித்து, லீ ஞாபகப்படுத்திய பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். நிபந்தனைகளைத் தானே எழுதினார். ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். சிப்பாய்களில் பலர் குதிரையைச் சொந்தமாகக் கொண்டுவந்தவர்கள் என்று லீ சொன்னதும், கொண்டுபோகட்டும், உழவுக்கு ஆகும் என்றார். பட்டினி கிடந்த எதிரிப் படைக்கு 25,000 பேருக்கான உணவு போனது. வெற்றிப் பீரங்கி முழங்கியபோது நிறுத்தச் சொன்னார். பின்னால் லீயைத் தேசத் துரோக வழக்கில் இழுக்கப் பார்த்தபோது, நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது, ராஜினாமா செய்வேன் என்று நின்றார்.

1869 முதல் 1877 வரை அதிபர். எட்டு வருஷம் என்றதும் ஊழல்தான் பலருக்கு ஞாபகம் வரும். விஸ்கி வரி மோசடியில் அவருடைய அந்தரங்கச் செயலாளர் பாப்காக் மாட்டினார். அவருக்காக அதிபரே வாக்குமூலம் கொடுத்தார், ஆள் விடுதலை. நம்பியவனைக் கைவிடத் தெரியாது. போர்க்களத்தில் பலமாக இருந்த அதே குணம் வெள்ளை மாளிகையில் ஓட்டையாகிவிட்டது.

ஆனால் ஊழலை மட்டும் பேசி முடிப்பது அநியாயம். விடுதலையான கறுப்பின மக்களை ஓட்டுப் போடவிடாமல் தெற்கில் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் அடித்தும் கொன்றும் அட்டகாசம் செய்தபோது, 1871ல் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார். தென் கரோலினாவின் ஒன்பது கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், பிடிபட்டவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து, ராணுவத்தை அனுப்பி நூற்றுக்கணக்கில் பிடித்தார். கிளான் ஒடுங்கியது.

பிறகு 1875. மிசிசிப்பியில் தேர்தலுக்கு முன் மறுபடி வன்முறை. ஆளுநர் ஏம்ஸ் படை கேட்டார். வடக்கில் மக்களுக்கு அலுத்துவிட்டது, வடக்கு மாநிலமான ஒஹையோவில் தேர்தல் வேறு நெருங்கிவிட்டது, படை அனுப்பினால் அங்கே ஓட்டுக் குறையும் என்ற பயம். படை போகவில்லை. கறுப்பின மக்களின் ஓட்டு மிரட்டலில் அடங்கிப்போனது. வாழ்நாளெல்லாம் வந்த வழியே திரும்பாத மனிதர் திரும்பிய இடம் என்று நான் இதைத்தான் சொல்வேன். அவர் ஒருவர் மட்டும் திரும்பவில்லை, நாடே திரும்பியது என்று வாதாடலாம். இருந்தாலும் உத்தரவு போடும் பேனா அவர் கையில் இருந்தது.

கடைசி அத்தியாயம் மறுபடி பணக் கஷ்டம். மகன் பங்குதாரராக இருந்த நிதி நிறுவனத்தில் இருந்ததையெல்லாம் போட்டார். கூட்டாளி ஃபெர்டினாண்ட் வார்டு ஒருவர் பணத்தை எடுத்து இன்னொருவருக்கு லாபம் என்று கொடுத்துக்கொண்டிருந்த ஆசாமி. நம் ஊர் சீட்டுக் கம்பெனிக் கதை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1884 மே மாதம் எல்லாம் போயிற்று. கோடீஸ்வரர் வாண்டர்பில்ட்டிடம் வாங்கிய 1,50,000 டாலர் கடனுக்குத் தன் வாள்களையும் பதக்கங்களையும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கோடையில் ஒரு பீச் பழத்தைக் கடித்தபோது தொண்டையில் சுரீரென்று வலி. புற்றுநோய்.

மனைவி ஜூலியாவுக்கு வைத்துவிட்டுப் போகக் கையில் ஒன்றும் இல்லை. தன் நினைவுகளைப் புத்தகமாக எழுத உட்கார்ந்தார். எழுத்தாளர் மார்க் ட்வைன் லாபத்தில் 70 சதவீதம் தருகிறேன் என்று வெளியீட்டு உரிமையைக் கேட்டு வாங்கினார். எச்சில் விழுங்கினாலே உயிர் போகும் வலி. குரல் போன பிறகு மருத்துவரிடம் பென்சிலால் துண்டுச் சீட்டில் எழுதித்தான் பேச்சு. அதில் ஒரு சீட்டில், நான் ஒரு தன்னிலைப் பெயர் இல்லை, வினைச்சொல் என்று நினைக்கிறேன் என்று எழுதினார். வினைச்சொல் காட்டும் இருப்பது, செய்வது, படுவது மூன்றும் நான்தான் என்றார். படுவது என்றால் என்னவென்று அந்த மேசையில் இருந்தவருக்குத் தெரியும்.

அந்த நாட்களில் பார்க்க வந்தவர்களில் சைமன் பக்னர் ஒருவர். 1854ல் கிராண்ட் நியூயார்க்கில் காசில்லாமல் நின்றபோது விடுதிக் கணக்குக்குக் கைகொடுத்த நண்பர். 1862ல் டொனல்சன் கோட்டையில் நிபந்தனையின்றிச் சரணடை என்ற பதிலை இதே கிராண்டிடமிருந்து வாங்கிக்கொண்ட எதிரித் தளபதியும் அவரேதான். சில வாரத்தில் கிராண்டின் சவப்பெட்டிக்குத் துணை நடந்தவர்களிலும் அவர் இருந்தார்.

1885 ஜூலை 23 காலை கிராண்ட் இறந்தார். கையெழுத்துப் பிரதி முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. பழைய சிப்பாய்கள் பலர் வீடு வீடாகப் போய்ப் புத்தகத்துக்கு முன்பணம் பிடித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் ஜூலியாவின் கைக்கு ஒரு காசோலை வந்தது. 2,00,000 டாலர்.