நண்டு மலை ஏறுகிறது: டபிள்யூசிஜி-1 இன்ஜினை சிமுலேட்டருக்குக் கொண்டுவந்த கதை

(திரையில்: மழை. பம்பாய் பக்கத்து போர் காட் மலைப்பாதையின் அடிவாரத்தில் ஒரு பழைய மின்சார இன்ஜின். நகரவில்லை.)

ஒரு பத்து வினாடி பேசாமல் இருக்கிறேன், இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

முனகல் மாதிரி இருக்கிறது இல்லையா? இது ஓடும் சத்தம் இல்லை, நிற்கும் சத்தம். டபிள்யூசிஜி-1 இன்ஜின், ஸ்டேஷனில் சும்மா நிற்கும்போதே இப்படி முனகும், கிளம்பிவிட்டால் சக்கரங்களை இணைக்கும் பக்கவாட்டு ராடுகள் சுற்றி "ஸ்விஷ், ஸ்விஷ்" என்று வேறு ஒரு சத்தம் போடும். பம்பாய்ப் பக்கம் இதற்கு வைத்த பெயர் கேக்டா. மராத்தியில் நண்டு. ராடு ஓடும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டபிள்யூ என்றால் பிராட் கேஜ், சி என்றால் டிசி மின்சாரம், ஜி என்றால் கூட்ஸ். கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே காலத்தில் இதன் பெயர் இஎஃப்/1. மொத்தம் 41 இன்ஜின்கள். முதல் 10-ஐ 1928 வாக்கில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து எஸ்எல்எம் நிறுவனம் கட்டியது, மீதியை இங்கிலாந்தில் வல்கன் ஃபவுண்டரி. உள்ளே இருக்கும் மின்சாமான் மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ். சுவிஸ் கோத்தார்டு பாதையின் புகழ்பெற்ற 'முதலை' இன்ஜினும் அதே எஸ்எல்எம் பட்டறையில் பிறந்ததுதான், அந்த ஜாடை இதில் அப்படியே தெரியும்: நடுவில் கேபின், முன்னும் பின்னும் நீளமான மூக்கு.

வேலை எங்கே என்றால், பம்பாயிலிருந்து பூனா போகும் போர் காட், நாசிக் பக்கம் போகும் தல் காட். இரண்டிலும் ஏற்றம் 37-க்கு 1. அதாவது 37 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறியிருப்பீர்கள். ரோட்டில் இது ஒன்றுமே இல்லை, ஸ்கூட்டர் மூச்சுக்கூட வாங்காது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏறும்போது இது கொடுமையான ஏற்றம்.

(திரையில்: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மாடல், வர்ணம் இல்லாமல் சாம்பல் நிறத்தில்)

நான் செய்தது ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் சிமுலேட்டருக்கு. மாடலிங் பற்றி ரொம்ப இழுக்கப் போவதில்லை, பெட்டி மாதிரி உடல், ரிவெட், ஜன்னல், இதெல்லாம் பொறுமை இருந்தால் வந்துவிடும். அளவு எடுப்பது மட்டும் சொல்கிறேன். நல்ல வரைபடம் கையில் இல்லாதபோது நேர் முன்பக்கப் போட்டோ ஒன்றைப் பிடியுங்கள், அதில் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள தூரம் 1676 மில்லிமீட்டர், அதுதான் உங்கள் ஸ்கேல். இன்ஜினின் அகலம், உயரம், பஃபர்களின் (முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மோதல் தாங்கிகள்) இடைவெளி எல்லாம் அதிலிருந்தே கிடைக்கும். தண்டவாளம் கேமராவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, பஃபர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை மறந்தால் கணக்கு தப்பும், நான் மறந்தேன், முதல் மாடல் கொஞ்சம் குண்டாக வந்தது.

அந்த 1676 இன்னொரு தொல்லையும் கொடுக்கும். சிமுலேட்டரில் வழக்கமாக வரும் தண்டவாளம் 1435. அதன்மேல் நம் இன்ஜினை வைத்தால் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்துக்கு வெளியே 12 சென்டிமீட்டர் தள்ளி அந்தரத்தில் ஓடும். பிராட் கேஜ் தண்டவாளம் போட்ட ரூட்டில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மூக்குதான் சுவாரசியமான இடம். இந்த உடல் ஒரே துண்டு இல்லை, மூக்கு இரண்டும் கீழே இருக்கும் போகியோடு சேர்ந்து வளைவில் திரும்பும். (நம் ஊரில் போகி என்றால் பயணிகள் பெட்டி என்று அர்த்தமாகிவிட்டது, இங்கே நான் சொல்வது சக்கரங்கள் மாட்டிய அடிச்சட்டம்.) அதனால் மாடலில் மூக்கை உடலோடு ஒட்டக் கூடாது, போகி திரும்பினால் தானும் திரும்பும்படி அதற்குக் குழந்தையாக மாட்ட வேண்டும். மாட்டிவிட்டு ஒரு வளைவான யார்டில் மேலிருந்து பாருங்கள், நடுக்கேபின் ஒரு பக்கம் பார்க்க, மூக்கு இன்னொரு பக்கம் பார்க்க, நண்டு உயிரோடு வந்துவிடும்.

ராடுகளுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் சக்கரத்தை நேராகச் சுற்றுவதில்லை. பல்சக்கரம் வழியாக சக்கரம் மாட்டாத ஓர் இடை அச்சை, அதாவது ஜாக்‌ஷாஃப்டைச் சுற்றும், அதிலிருந்து ராடு அந்தப் போகியின் மூன்று அச்சையும் சேர்த்து இழுக்கும். இடது ராடும் வலது ராடும் 90 டிகிரி விலகி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் நேர்கோட்டுக்கு வந்து நிற்கும் இடத்தில் நிஜ இன்ஜினால் சுழலவே முடியாது. இன்னொன்று, முன் போகிக்கும் பின் போகிக்கும் நடுவே ராடு இணைப்பு கிடையாது, ஓடஓட இரண்டும் தாளம் தப்பும். சிமுலேட்டர் அனிமேஷனில் தாளம் தப்பாது. அதனால் ஆரம்பத்திலேயே பின் போகி ராடுகளைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டேன், ஏமாற்று வேலைதான், ஆனால் கண் நம்புகிறது.

(திரையில்: இன்ஜின் ஃபைல், எண்களின் அட்டவணை)

இதுவரை செய்தது பொம்மை. முதல் தடவை ஃபைலில் குதிரைத்திறன் 2600, எடை 125 டன் என்று மட்டும் போட்டு ஓட்டினேன். வழுக்கிக்கொண்டு போன மாதிரி, அலுங்காமல், குலுங்காமல் கிளம்பியது. வெளியே நண்டு, உள்ளே நவீன இன்ஜினான டபிள்யூஏஜி-9. எனக்கே வெறுத்துவிட்டது.

அந்தக் கால டிசி இன்ஜின் அப்படிக் கிளம்பாது. மேலே கம்பியில் அப்போது 1500 வோல்ட் இருந்தது, நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு அதை அப்படியே கொடுத்தால், சுற்றும் மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் இல்லாததால் கரன்ட் கண்டபடி ஏறும். அதனால் மோட்டார்களைத் தொடராக மாட்டி, கூடவே ரெசிஸ்டரையும் சேர்த்து, டிரைவர் ஒவ்வொரு நாட்சாக (கைப்பிடியின் ஒரு படி) ரெசிஸ்டரைக் கழற்றிக்கொண்டே வருவார். முழுக்கக் கழன்ற பிறகு மோட்டார்களின் இணைப்பை மாற்றி மறுபடி முதலிலிருந்து. ரெசிஸ்டர் இருக்கும் நாட்சில் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது, அது ஹீட்டர் மாதிரி சூடாகிக்கொண்டே போகும். ஆக ஓட்டுபவர் நிம்மதியாக இருக்கக்கூடிய நாட்ச்கள் ரொம்பக் கொஞ்சம்.

இதை சிமுலேட்டரில் கொண்டுவர ஓப்பன் ரெயில்ஸில் இழுவிசை அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு த்ராட்டில் நிலைக்கும், எந்த வேகத்தில் எவ்வளவு விசை என்று எழுதலாம், வேகம் மீட்டர்/வினாடியில், விசை நியூட்டனில். ஒவ்வொரு நாட்சிலும் வேகம் ஏறஏற விசை சடாரென்று விழ வேண்டும், அடுத்த நாட்ச் போட்டதும் மறுபடி எகிற வேண்டும். இரண்டு வாரம் சாயங்காலமெல்லாம் இந்த அட்டவணையோடுதான் உட்கார்ந்தேன். வந்த பிறகுதான் இன்ஜின் உதைக்க ஆரம்பித்தது, பெட்டிகளை இணைக்கும் கப்ளர்கள் ஒவ்வொன்றாக இழுபடும் "டக், டக், டக்" பின்னாலிருந்து கேட்டது.

இப்போது கணக்கு. சோதனைக்கு 500 டன் சரக்கு ரயில் எடுத்துக்கொண்டேன். 37-க்கு 1 ஏற்றத்தில் ரயிலை மட்டும் இழுத்துப் பிடிக்க சுமார் 133 கிலோநியூட்டன், இன்ஜின் தன் எடையைத் தூக்க இன்னும் 33. மொத்தம் 166, அதற்கு மேல் உருளும் தடை, வளைவின் தடை என்று குறைந்தது ஒரு பதினைந்து சேரும், ஆக 180-ஐத் தாண்டும். இந்த இன்ஜினில் ஆறு அச்சும் இழுக்கும் அச்சுதான், 125 டன்னும் பிடிமானத்துக்கு உதவுகிறது. காய்ந்த தண்டவாளத்தில் உராய்வு 0.25 என்று வைத்தால் 300 கிலோநியூட்டனுக்கு மேல் பிடிக்கும், கவலை இல்லை. மழையில் 0.15 என்று வையுங்கள், 184. தேவை 180-க்குக் கொஞ்சம் மேல், கையில் இருப்பது 184! சக்கரம் வழுக்காமல் இருக்க தண்டவாளத்தில் மணல் தூவாமல் போக முடியாது. பின்னாலிருந்து தள்ள பேங்கர் இன்ஜின் எதற்கு என்பதும் இங்கேதான் புரியும். இன்றும் போர் காட் அடிவாரத்துக் கர்ஜத்தில் ரயிலுக்குப் பின்னால் பேங்கர்கள் சேர்ந்துகொண்டு மலைமேல் இருக்கும் லோனாவலா வரை தள்ளித்தான் விடுகின்றன. வேகமும் அப்படித்தான், 2600 குதிரைத்திறனை இந்த விசையால் வகுத்தால் மணிக்கு 40 கிலோமீட்டரைக்கூடத் தொடாது.

(திரையில்: மழையில் ஏற்றம், சக்கரம் சுழல்கிறது)

பாருங்கள், நான் அவசரப்பட்டு ஒரு நாட்ச் அதிகம் போட்டேன். ஒரு போகியின் மூன்று அச்சும் ராடால் கட்டுண்டவை, வழுக்கினால் மூன்றும் சேர்ந்தே வழுக்கும். நாட்சை இறக்கு, மணல் போடு, காத்திரு.

சத்தம்தான் கடைசி வரை படுத்தியது. எஞ்சியிருப்பவை ஓடுவதில்லை: டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் 'சர் லெஸ்லி வில்சன்', மும்பை சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் 'சர் ரோஜர் லும்லி', இரண்டும் காட்சிக்கு நிற்கின்றன. ரெக்கார்டரை நீட்டினால் பக்கத்தில் ஐஸ்கிரீம் கேட்டு அழும் குழந்தைதான் பதிவாகும். அதனால் முனகலை ஒரு பழைய தொழிற்சாலை ப்ளோயர் (காற்று ஊதும் விசிறி) சத்தத்தின் சுருதியை இறக்கிச் செய்தேன், ராடு ஓசையை நேரத்தோடு கட்டாமல் போன தூரத்தோடு கட்டினேன், அப்போதுதான் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு "ஸ்விஷ்" சரியாக விழும்.

இறக்கத்துக்கு வருவோம். இந்த இன்ஜின் இறங்கும்போது மோட்டாரையே ஜெனரேட்டராக்கி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். 1920-களில்! ஆனால் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும், எதிரே ஏறிவரும் இன்னொரு ரயில் மாதிரி. நான் இதை டைனமிக் பிரேக்காகத்தான் (மோட்டாராலேயே வேகத்தைக் குறைக்கும் பிரேக்) எழுதியிருக்கிறேன், எதிரே ரயில் இருக்கிறதா இல்லையா என்று என் ஃபைல் பார்ப்பதில்லை. அதனால் லோனாவலாவிலிருந்து இறங்கும்போது நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எதிர்ப்பாதையில் ரயில் ஏறும்போது மட்டும் அந்த பிரேக், மற்ற நேரம் ரயிலின் வழக்கமான வேக்யூம் பிரேக். நேற்று இரவு அப்படி இறங்கிப் பார்த்தேன், பாதி வழியில் எதிர் ரயில் மேலே போய்ச் சேர்ந்துவிட்டது, மீதி பாதிக்கு நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன்.