காலுக்குத் தெரியாமல் மாறும் கார்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் 31 வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தி வருகிறேன். மின்சாரக் கார் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். விலை, பேட்டரி, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வலது காலைப் பற்றிப் பேசப்போகிறேன்.

புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு ஸ்டீயரிங் நாலைந்து நாளில் கைக்கு வந்துவிடும். கால் படிவதற்கு ஒரு மாதமாவது வேண்டும். படிந்துவிட்டால் அப்புறம் மறக்காது. குறுக்கே ஆட்டுக்குட்டி ஓடினால் நாம் யோசித்தா பிரேக்கை மிதிக்கிறோம்? மிதித்த பிறகுதான் ஆட்டைப் பார்த்ததே நமக்குத் தெரிகிறது. அப்படிப் படிந்த காலுக்குச் சொல்லாமல், ராத்திரியோடு ராத்திரியாகக் காரின் குணம் மாறிவிடுகிறது. அதற்குப் பெயர் அப்டேட். செல்போனில் வருமே, அதேதான். காருக்கும் வருகிறது.

மின்சாரக் காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறையும். ரீஜென் என்பார்கள். நம் பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். டைனமோவைச் சாய்த்து டயரில் ஒட்டினால் விளக்கு எரியும், மிதி கனக்கும் இல்லையா? அந்தக் கனம்தான் இங்கே காரை மெதுவாக்குகிறது. உண்டாகிற கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிறது. இந்த இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைச் சாஃப்ட்வேர் தீர்மானிக்கிறது. பல கார்களில் நாமே 1, 2, 3 என்று வைத்துக்கொள்ளலாம், எண் கூடினால் இழுப்பும் கூடும். பழகிவிட்டால் பிரேக்குக்குக் கால் போவதே குறைந்துவிடும்.

என்னிடம் படித்த ஒரு கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டு, போன வருடம் மின்சாரக் கார் வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஒருநாள் காலை ஏழு மணிக்கு போன். "மாஸ்டர், கார் நிக்க மாட்டேங்குது."

"பிரேக் பிடிக்கலையா டீச்சரம்மா?"

"பிடிக்குது. ஆனா நிக்கிற மாதிரி நிக்கல."

கணக்கு டீச்சர் ஒரு வார்த்தையைக்கூட அளந்துதான் சொல்வார். பிடிக்கிறது, ஆனால் நிற்கிற மாதிரி நிற்கவில்லை. அதையே யோசித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

நடந்தது இதுதான். முந்தின ராத்திரி திரையில் அப்டேட் வந்திருக்கிறது, இப்போதா பிறகா என்று கேட்டிருக்கிறது. செல்போனில் செய்வதுபோல 'இப்போது' என்பதைத் தொட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறார். அவர் தெருவில் ஒரு வேப்பமரம், அதைத் தாண்டி வேகத்தடை. மரம் வந்ததும் காலை எடுப்பது அவர் வழக்கம். வேகத்தடைக்குப் போவதற்குள் கார் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு மரம் வந்தது, காலை எடுத்தார், கார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பதறிப் பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் வேகத்தடையில் ஏறி இறங்கிவிட்டது. பூஜைக் கூடை பின்சீட்டிலிருந்து கீழே விழுந்தது. அது போகட்டும். சந்திலிருந்து சைக்கிளில் ஒரு பையன் வெளியே வந்திருக்கிறான். ஒரு கை தூரத்தில் கார் நின்றது. ஒரு கை தூரம்.

திரையைப் பார்த்தேன். ரீஜென் 3-இல் வைத்திருந்தது அப்டேட்டுக்குப் பிறகு 1-க்கு வந்திருந்தது. மூலையில் சின்னதாக ஓர் எண், அவ்வளவுதான். அப்டேட்டோடு வந்த குறிப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்தில் இரண்டு வரி: செயல்திறன் மேம்பட்டிருக்கிறது, பிழைகள் நீக்கப்பட்டிருக்கின்றன. என்ன பிழை, எதில் மேம்பாடு, ஒரு வார்த்தை இல்லை. நாம் வைத்திருந்த ரீஜென் எண் மாறிவிடும் என்றும் இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு வண்டியில் பழுதே இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். வண்டியில் பழுது இல்லை.

மறுபடி 3-இல் வைத்துக் கொடுத்தேன். டீச்சர் சாவியை வாங்கவில்லை. "கார் சரியாயிடுச்சு மாஸ்டர். எனக்குத்தான் என் கால் மேல நம்பிக்கை வரல" என்றார். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் செங்கல் அடுக்கி வைத்து, நான்கு நாள் காலையில் திரும்பப் பழக்கினேன். இந்த முறை 1-லும் ஓட்டினோம், 3-லும் ஓட்டினோம். காலுக்கு இரண்டும் தெரிய வேண்டும் அல்லவா.

இது ஒரு தெருவோடு முடிகிற விஷயம் இல்லை. 2023 மே மாதம் சீனாவில் சுமார் 11 லட்சம் டெஸ்லா கார்களைத் திருத்தச் சொல்லி அந்த நாட்டுச் சந்தை ஒழுங்குமுறைத் துறை அறிவித்தது. காரணத்தைக் கேளுங்கள். ரீஜென் எவ்வளவு வேண்டும் என்று ஓட்டுபவர் தேர்ந்தெடுக்க வழியில்லை, ஆக்சிலேட்டரை நெடுநேரம் அழுத்தினால் போதிய எச்சரிக்கை இல்லை, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கிற வாய்ப்பு இதனால் கூடும் என்றார்கள். முழுக்க முழுக்க காலைப் பற்றிய விஷயம். திருத்தமும் அப்டேட் வழியாகவே போனது.

அப்டேட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்கிற நுகர்வோர் அமைப்பு டெஸ்லா மாடல் 3-ஐச் சோதித்தது. மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்தது. இது போதாது என்று வெளிப்படையாக எழுதினார்கள். சில நாட்களில் அப்டேட் வந்தது. திரும்பச் சோதித்தால் 133 அடி. யாரும் ஸ்பேனரைத் தொடவில்லை, பிரேக் கட்டை மாற்றவில்லை, 19 அடி குறைந்துவிட்டது. ஒரு காரின் நீளத்தைவிட அதிகம். டீச்சருக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில் இருந்தது ஒரு கை தூரம் என்பதை நினைத்துக்கொண்டு இந்த 19 அடியைப் பாருங்கள்.

நம் நாட்டிலும் நல்ல உதாரணம் உண்டு. 2022 ஜூலையில் டாடா நெக்ஸான் ஈவி பிரைம் வந்தபோது, ஏற்கெனவே நெக்ஸான் ஈவி வாங்கியிருந்த 22,000 பேருக்கும் புது வசதிகளை இலவச அப்டேட்டாகத் தருவதாகச் சொன்னார்கள். ரீஜென் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் இருந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று: ரீஜெனில் வேகம் குறையும்போது பின்னால் பிரேக் விளக்கு தானாக எரிவது. பின்னால் வருபவருக்கு நம் கால் தெரியாது, விளக்குதான் தெரியும். பிரேக்கை மிதிக்காமலே கார் மெதுவானால், விளக்கு எரியாவிட்டால், பின்னால் வருகிற டூவீலர்காரர் என்ன செய்வார்? அவிநாசி சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். காரே பார்த்து ஓட்டுகிற வசதிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும். 2021 அக்டோபரில் டெஸ்லாவின் அப்படியொரு சோதனை அப்டேட், தேவையில்லாமல் மோதல் எச்சரிக்கை தந்து சில கார்களைத் திடீரென்று பிரேக் போட வைத்தது. உடனே பழையதுக்குத் திருப்பினார்கள். பிறகு 11,704 கார்களுக்கு முறைப்படி திருத்தம் அறிவித்தார்கள். நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது இப்படி நடந்தால் எப்படி இருக்கும்!

ஆகவே, மறுநாள் அவசர வேலை இருந்தால் இன்று ராத்திரி அப்டேட் போடாதீர்கள். போட்டால், முதலில் ரீஜென் எண்ணைப் பாருங்கள். காலியான தெருவில் 40-இல் ஒருமுறை, 20-இல் ஒருமுறை காலை எடுத்துப் பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் ஓட்டினால் இரண்டு பேரும் பாருங்கள். குறிப்பைத் தமிழிலும் கொடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதுங்கள், நான் எழுதியிருக்கிறேன்.

கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மேலே தங்கி 100 சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் கரண்ட் போக இடமில்லை. பழகிய இழுப்பு குறைந்துவிடும். கீழே வர 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. கொஞ்சம் இடம் விட்டு சார்ஜ் போடுங்கள், பிரேக்கில் கால் இருக்கட்டும்.

வணக்கம்.