இலங்கையைப் பார்க்காமலே இலங்கை மிஷனைத் தொடங்கியவர்: தாமஸ் கோக்

(திரையில்: இங்கிலாந்தின் சாமர்செட் பகுதி, பழைய தேவாலயம்)

1777. சவுத் பெதர்டன் ஊரில் ஆலய மணி அடிக்கிறது. மக்கள் பீப்பாயைத் திறந்து ஆப்பிள் மது குடிக்கிறார்கள். உதவி குரு தாமஸ் கோக்கை வேலையை விட்டு அனுப்பியதற்குத்தான் இத்தனை கொண்டாட்டம்! ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். ஆனால் மெதடிஸ்ட் (இங்கிலாந்துத் திருச்சபைக்குள் எழுந்த மறுமலர்ச்சி இயக்கம்) பாணியில் அவர் செய்த பிரசங்கம் ஊருக்குப் பிடிக்கவில்லை. நேராக அந்த இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லியிடம் போய்ச் சேர்ந்தார்.

1784-ல் வெஸ்லி அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். அங்கே பால்டிமோர் மாநாட்டில் அமெரிக்க மெதடிஸ்ட் சபை தனிச் சபையாக உருவானது. அங்கே ஊழியம் செய்துவந்த ஃபிரான்சிஸ் ஆஸ்பரியைத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியவர் கோக்தான்.

அப்புறம் 1785-ல் வர்ஜீனியாவில் அடிமை முறையை எதிர்த்துப் பேசினார். கூட்டத்திலிருந்த ஒரு சீமாட்டி, "அந்தக் குட்டை டாக்டருக்கு நூறு கசையடி கொடுத்தால் ஐம்பது பவுண்டு தருகிறேன்" என்றாராம். கோக்கே நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்ற விதியைச் சபை அதே ஆண்டில் நிறுத்திவைத்தது. அந்தப் பின்வாங்கலை என்னால் லேசாகக் கடந்துபோக முடியவில்லை.

(திரையில்: அட்லாண்டிக் வரைபடம்)

1786-ல் கோக் ஏறி, இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவுக்குக் கிளம்பிய கப்பலைப் புயல் கரீபியன் பக்கம் தள்ளிவிட்டது. கிறிஸ்துமஸ் அன்று ஆன்டிகுவாவில் இறங்கினால், ஜான் பாக்ஸ்டர் என்ற கப்பல் தச்சர் ஒரு பெரிய சபையை நடத்திக்கொண்டிருக்கிறார்! சபையாரில் பெரும்பாலோர் கறுப்பின அடிமைகள். கோக் தன்னோடு வந்த மிஷனரிகளை அந்தத் தீவுகளிலேயே விட்டுவிட்டார். அதன்பின் மிஷன் செலவுக்காக வீடு வீடாகப் போய்க் கைநீட்டினார். சொந்தச் சொத்தையும் கரைத்தார்.

1813-ல், 66 வயதை நெருங்கும்போது, இலங்கைக்குப் போக அனுமதி கேட்டார். பிரிட்டிஷ் மெதடிஸ்ட் மாநாடு தயங்கியது. "ஆறாயிரம் பவுண்டு வரை செலவை நானே ஏற்கிறேன்" என்றார். கடைசியில் சரி என்றார்கள். டிசம்பர் கடைசியில் ஆறு இளம் மிஷனரிகளோடு புறப்பட்டார்.

(திரையில்: இந்தியப் பெருங்கடல்)

1814 மே 3 காலை, கபால்வா கப்பலில் அவரை எழுப்பப் போன பணியாள், அவர் அறைத் தரையில் இறந்துகிடப்பதைப் பார்த்தார். அன்று மாலையே கடலில் அடக்கம் செய்தார்கள். பயணப் பணம் முழுக்க கோக்கின் பொறுப்பில் இருந்ததால் மற்றவர்கள் திகைத்துப் போனார்கள். பம்பாயில் மனி என்ற ஆங்கிலேயர் கடன் கொடுத்து உதவினார்.

ஜூன் 29 அன்று அந்த மிஷனரிகளில் சிலர் இலங்கையின் காலி நகரை அடைந்தார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள். வில்லியம் ஆல்ட் தனியாக மட்டக்களப்பு போனார். அங்கே பள்ளிகளைத் தொடங்கிய ஆல்ட் ஓராண்டுக்குள் இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814-லிருந்துதான் கணக்கிடுகிறது. லிஞ்ச் 1817-ல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்து அங்கேயும் மெதடிஸ்ட் பணியைத் தொடங்கினார்.