சரியாகத் திருப்பிச் சொன்னார்கள், தப்பாகத் திரும்பினார்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

2023 ஜனவரி 13, இரவு எட்டே முக்கால் மணி. நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் லண்டன் போகவேண்டிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 106, போயிங் 777, ஓடுபாதையை நோக்கி மெதுவாக உருண்டுகொண்டிருக்கிறது. சான்டோ டொமிங்கோ போகும் டெல்டா 1943, 145 பயணிகளோடு, '4 இடது' என்ற ஓடுபாதையில் புறப்பட அனுமதி வாங்கி வேகம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அதே ஓடுபாதையைத்தான் அந்த 777 குறுக்கே கடக்கிறது. டவரில் இருந்த கண்ட்ரோலர் ஒரு கெட்ட வார்த்தையை உதிர்த்துவிட்டு, டெல்டா, புறப்படும் அனுமதி ரத்து என்று அடுத்தடுத்து இரண்டு முறை சொல்கிறார். டெல்டா விமானி பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டார். 777 கடந்த இடத்துக்கு ஏறக்குறைய 1,000 அடி முன்னால் அது நின்றதாக அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ. அப்போது சொன்னது. அந்த வேகத்துக்கு அதெல்லாம் ஒரு தூரமே இல்லை.

சரி, யாராவது தப்பாகச் சொன்னார்களா? இல்லை, அதுதான் விஷயம்.

ஓடுபாதைக்குப் போகும் தரைவழிகளுக்கு டாக்ஸிவே என்று பெயர்; பிராவோ, கிலோ, ஜூலியட் என்பதெல்லாம் அவற்றின் பெயர்கள். தரையில் உருளும் விமானங்களுக்கு வழி சொல்லும் கிரவுண்ட் கண்ட்ரோலர் முதலில் சொன்னது: உங்களுக்கு ஓடுபாதை 4 இடது, பிராவோ டாக்ஸிவே வழியாகப் போங்கள், கிலோவுக்கு முன்னால் நில்லுங்கள். விமானிகள் அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து, கிலோவில் 31 இடது ஓடுபாதையைக் கடக்கலாம் என்றார். அதையும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, ஜூலியட் டாக்ஸிவேயில் போய் 4 இடதைக் கடந்துவிட்டார்கள். எந்த ஓடுபாதையிலிருந்து தாங்கள் புறப்படவேண்டுமோ அதையே குறுக்கே வெட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போயிருக்கிறார்கள். அப்புறம் காக்பிட்டிலிருந்து ஒரு கேள்வி வருகிறது: கடைசியாக எங்களுக்குக் கொடுத்தது கடக்கும் அனுமதிதானே? நீங்கள் 4 இடதிலிருந்து புறப்படவேண்டியவர்கள், இப்போது 31 இடதுக்கு முன்னால் நிற்கிறீர்கள், டேப்பைக் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார் கண்ட்ரோலர்.

எனக்கு இந்தச் சம்பவத்தில் மனத்தை உறுத்துவது அந்தக் கேள்விதான். கடந்து முடித்த பிறகும், தாங்கள் செய்தது சரிதான் என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இப்படித் திருப்பிச் சொல்லும் முறையை உலகம் இவ்வளவு கறாராகப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு பெரிய காரணம் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் நடந்த விபத்து. 1977 மார்ச் 27, பனிமூட்டத்தில் கே.எல்.எம்., பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானி புறப்படும் நிலையில் இருக்கிறோம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார், டவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டது, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் சொன்னது டவரின் பேச்சோடு மோதிக் கீச்சொலியாகிப் போனது. அதற்குப் பிறகு சொற்களைக் கட்டுப்படுத்தினார்கள். 'டேக் ஆஃப்' என்ற சொல்லை அதற்கான அனுமதி தரும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர வேறு எப்போதும் சொல்லக்கூடாது, மற்ற நேரமெல்லாம் 'டிபார்ச்சர்'தான். நல்ல ஏற்பாடு, பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கும்.

ஆனால் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னால், காதில் விழுந்தது என்பது மட்டும்தான் உறுதி. இத்தாலியின் மிலான் லினாட்டே விமான நிலையத்தில் 2001 அக்டோபர் 8 அன்று என்ன நடந்தது? சிறிய செஸ்னா ஜெட் ஒன்றை ரோமியோ 5 என்ற டாக்ஸிவே வழியாக வடக்கே போகச் சொன்னார் கண்ட்ரோலர். விமானி ரோமியோ 5 என்றே திருப்பிச் சொன்னார், போனது ரோமியோ 6-இல். கெட்டியான மூடுபனி, தரை ரேடாரும் வேலையில் இல்லை. வழியில் அந்த விமானி, சியரா 4-ஐ நெருங்குகிறேன் என்று தானாகவே சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு குறியீடு தரையில் இருப்பதே கண்ட்ரோலருக்குத் தெரியாது, அதனால் அந்தத் தகவல் காற்றோடு போயிற்று. புறப்பட்டுக்கொண்டிருந்த எஸ்.ஏ.எஸ். விமானம் செஸ்னாவில் மோதி, போய்ப் பெட்டிகள் கையாளும் கட்டடத்தில் இடித்தது. 118 பேர் இறந்தார்கள்.

ஜே.எஃப்.கே.யில் மூடுபனி என்ற சாக்கும் கிடையாது, காக்பிட்டில் மூன்று விமானிகள். ஒரே நேரத்தில் செய்யவேண்டியிருந்த வேறு வேலைகளால் கவனம் சிதறி, எங்கே இருக்கிறோம் என்பதே பிடிபடாமல் போனது என்பதுதான் விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி.யின் முடிவு. கிரவுண்ட் கண்ட்ரோலரும் அந்த நேரம் அவ்வளவு அவசரமில்லாத வேறொரு வேலையில் இருந்ததால் இந்த விமானத்தைக் கவனிக்கவில்லை. யாராவது ஓடுபாதைக்குள் வந்தால் தரையில் தானாகவே சிவப்பாக எரியும் விளக்குகள்கூட அந்த நிலையத்தில் உண்டு, அவையும் இந்த முறை கைகொடுக்கவில்லை.

விதி இல்லாமல் இல்லை. 2010-இலிருந்து அமெரிக்காவில் ஒவ்வொரு ஓடுபாதையையும் கடக்கத் தனித்தனியாக அனுமதி வாங்கவேண்டும். விமானம் தரையில் உருளும்போது காக்பிட்டில் வீண்பேச்சு கூடாது என்ற விதி அதற்கும் பல வருஷம் முந்தையது. ஆனால் வீண்பேச்சைத்தான் விதி தடுக்கும், வேலையையே எப்படித் தடுக்கும்? எடை, எரிபொருள், புறப்படும் வேகம் என்று கணக்கெல்லாம் உருண்டுகொண்டிருக்கும்போதே தலையைக் குனிந்துகொண்டு முடிக்கவேண்டியிருக்கிறது. என் கட்சி இதுதான்: ஓடுபாதைக்கு முன்னால் போட்டிருக்கும் நிறுத்தக் கோடு வரும் முன்னால் எல்லாரும் கையிலிருப்பதை வைத்துவிட்டு, வெளியே போர்டில் இருக்கும் எண்ணை ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் கையிலிருக்கும் அனுமதியோடு ஒப்பிட வேண்டும். அரை நிமிஷம் தாமதமானால் ஆகட்டுமே! பல நிறுவனங்கள் இதை எழுதியே வைத்திருக்கின்றன, ஆனால் வரிசையில் பின்னால் நாலு விமானம் நிற்கும்போது எவ்வளவு பேர் செய்கிறார்கள் என்பது வேறு கதை.

அந்த இரவு காக்பிட்டுக்குள் மூன்று பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இனித் தெரிய வழியில்லை. விமானம் அங்கேயே நிறுத்தி வைக்கப்படவில்லை, லண்டனுக்குப் போய்விட்டது. அதிலிருந்த ஒலிப்பதிவுக் கருவி கடைசி 2 மணி நேரத்தை மட்டும்தான் வைத்துக்கொள்ளும், அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்குள் எல்லாம் அழிந்துவிட்டது. விமானிகளும் பதிவு செய்யப்படும் பேட்டிக்கு முதலில் சம்மதிக்காமல், சம்மன் போன பிறகுதான் வந்தார்கள். 25 மணி நேரம் பதிவு வேண்டும் என்று என்.டி.எஸ்.பி. பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது, 2024 மே மாதம்தான் அமெரிக்காவில் அது சட்டமானது. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் விமானங்களில் கருவியை மாற்ற 6 வருஷம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.