தூக்குக்குண்டும் திருவோணமும்

வணக்கம் நேயர்களே. வானத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வானம் என்றதும் எனக்கு நினைவு வருவது தூக்குக்குண்டு. ஆமாம், மேசன்மார் சுவருக்குப் பிடிப்பார்களே, அதேதான்.

திருவோணத்தைப் பஞ்சாங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வானத்தில் பார்த்தவர்கள் குறைவு. பளிச்சென்ற ஒரு விண்மீன், இரண்டு பக்கமும் மங்கலாக ஒவ்வொன்று. அது நம் திருகோணமலையின் உச்சந்தலைக்கு நேர் மேலாகத்தான், மயிரிழை வடக்கே, கடந்து போகிறது. மன்னாரிலும் உச்சிக்கு நேரேதான். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அகலக்கோட்டில் இருக்கின்றன.

மன்னாரில் என் மருமகள் இருக்கிறாள். ஓர் ஆவணிக் கடைசியில் இருவரும் ஆளுக்கொரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டோம். நான் மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடும் கம்பியில், அவள் கிணற்றடிக் கொடியில். பாயில் மல்லாந்து படுத்து, குண்டுக்குப் பக்கத்தில் கண்ணை வைத்து, நூல் வழியே மேலே பார்க்க வேண்டும். காதில் தொலைபேசி. எட்டு இருபது போல என் நூலைத் திருவோணம் தொட்டது.

"உனக்கு வந்திட்டுதா?"

"இல்லை மாமா, நூலுக்குக் கிழக்காலதான் நிக்குது."

"இப்ப?"

"இல்லை."

"வடிவாப் பார் பிள்ளை!"

"பொறுங்கோ மாமா, நுளம்பு கடிக்குது."

அவள் "வந்திட்டுது" என்று கத்தியபோது ஐந்து நிமிடமும் சொச்சமும் போயிருந்தது.

நட்சத்திரம் பிந்தவில்லை, கவனியுங்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. கிழக்கே இருக்கிற நாம் முதலில் அந்த மீனுக்குக் கீழே போய்ச் சேர்ந்தோம். மன்னார் பின்னால் வந்தது. நெடுங்கோட்டில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். நமக்கும் மன்னாருக்கும் 1.3 பாகை. கணக்கு சரி.

ஆனால் மணிக்கூடு இரண்டு ஊருக்கும் ஒன்றுதானே? அது மனிதர் போட்ட ஒப்பந்தம். அந்த நேரத்துக்குரிய 82.5 பாகைக் கோடு இலங்கையைத் தொடுவதே இல்லை; நமக்குக் கிழக்கே கடலுக்குள் போகிறது. 1996 இல் ஒரே வருடத்தில் இரண்டு தடவை முள்ளைத் திருப்பினார்கள், 2006 இல் பழையபடி கொண்டுவந்தார்கள். இடையில் "பழைய நேரமா, புது நேரமா" என்று கேட்டுத்தான் கலியாண வீட்டுக்கே போனோம். திருவோணம் யாரையும் கேட்கவில்லை.

சரி, கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். இன்னொன்றை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பூமி சூரியனையும் சுற்றுவதால், எந்த மீனும் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வரும். மாதத்துக்கு இரண்டு மணித்தியாலம். ஆடி பிறக்கும்போது பொழுதுபட்டதும் கோணேசர் மலைக்கு அப்பால் கடலுக்கு மேலே தெரிகிற திருவோணம், ஐப்பசி பிறக்கும்போது அதே நேரம் உச்சியில் நிற்கும். ஐப்பசி என்றால் நம் ஊரில் மழை முகில்தான். அதற்கு முன்னமே நூலைக் கட்டுங்கள். வணக்கம்.