பேத்தியின் பேரன்: வில்லியம் மார்ஷலின் வம்சாவளியைத் தேடி

[திரையில்: லண்டன் டெம்பிள் தேவாலயம். தரையில் படுத்த நிலையில் கல்வீரர்கள்.]

இந்தக் கல்வீரர்களில் ஒருவர் வில்லியம் மார்ஷல், பெம்புரோக் பிரபு என்பது காலங்காலமாகச் சொல்லப்படுவது. 1216-இல் இங்கிலாந்தின் ஜான் மன்னர் இறந்தபோது மகன் மூன்றாம் ஹென்றிக்கு 9 வயது. பையனுக்காக நாட்டை நடத்தியவர் இவர்தான். 1219-இல் காலமானார். போர், குதிரைவீரர்கள் மோதும் பந்தயம் என்று இவரைப் பற்றிப் பேச நிறைய உண்டு. இன்றைக்கு அதெல்லாம் வேண்டாம். இவருக்கு முன்னால் யார், பின்னால் யார் என்பதை மட்டும் பார்ப்போம்.

முதலில் பெயர். மார்ஷல் என்பது ஒரு வேலை. பழைய ஜெர்மானியச் சொல்லுக்குக் குதிரைக்காரன் என்றுதான் பொருள். லாயத்து வேலை அரண்மனைப் பதவியாகி, பதவி பரம்பரையாகி, கடைசியில் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது.

இவருடைய அப்பா ஜான், தாத்தா கில்பர்ட். தாத்தாவுக்கு என்ன ஆதாரம்?

[திரையில்: தோல் சுருள் ஒன்று மெல்ல விரிகிறது.]

1130-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குச் சுருள். அந்த வகைச் சுருள்களில் நமக்கு மிஞ்சியவற்றில் இதுதான் மிகப் பழையது. அப்பாவின் நிலமும் பதவியும் தன் கைக்கு வருவதற்காக ஜான் அரசருக்குக் கட்ட வேண்டிய பணம் அதில் பதிவாகியிருக்கிறது. வரவு செலவு எழுதிய குமாஸ்தாவுக்கு வம்சாவளியில் அக்கறை கிடையாது. அதனாலேயே அவர் எழுதியதை நம்பலாம். மார்ஷலைப் பற்றி 19,000 வரிகளுக்கு மேல் ஒரு பிரெஞ்சுக் கவிதையும் இருக்கிறது. ஆனால் அதை எழுதச் செய்தது அவருடைய மூத்த மகன்; புகழ்ச்சியைக் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

கில்பர்ட்டுக்கு மேலே ஏணி வைத்து, நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த 1066-க்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் வம்சாவளிகள் இணையத்தில் கிடைக்கும். நான் அதில் ஏற மாட்டேன்.

சரி, கீழே இறங்குவோம். 1189-இல் மார்ஷல் மணந்தது இசபெல் டி கிளேர் என்ற பெண்ணை. அயர்லாந்தின் லென்ஸ்டர் நாடே அவள் சீதனம். ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். இதைவிட உறுதியான வம்சம் வேண்டுமா? ஆனால் மகன்கள் வில்லியம், ரிச்சர்ட், கில்பர்ட், வால்டர், அன்செல்ம் என்று ஒருவர் பின் ஒருவராகப் பட்டத்துக்கு வந்து, ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசி இருவரும் 1245-இல், ஏறக்குறைய ஒரே மாத இடைவெளியில். சட்டப்படியான வாரிசு ஒருவருக்கும் இல்லை.

ஆண் வழியை மட்டும் தேடுகிறவர்கள் இங்கே கடையைக் கட்டிவிடுவார்கள். எனக்கு இங்கேதான் சுவாரசியமே ஆரம்பிக்கிறது. மகன் இல்லையென்றால் மகள்களுக்குச் சமபங்கு என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். லென்ஸ்டரை ஐந்தாக வெட்டினார்கள். கார்லோ மூத்தவள் மாட் பக்கம், கில்கென்னி இசபெல் பக்கம், கில்டேர் சிபில் பக்கம் போனது. சிபிலுக்கு ஏழு பெண்கள். அவளுடைய ஐந்தில் ஒரு பங்கை மறுபடி ஏழாக வெட்டினால் ஒருத்திக்கு முப்பத்தைந்தில் ஒன்று! பங்கு பிரித்தால் பத்திரம் வரும், பத்திரம் வந்தால் வழக்கு வரும். பெண்களின் பெயர்கள் அந்தக் காகிதக் கட்டுகளில்தான் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

அப்புறம் ஒரு பொறி. மார்ஷலின் மகள் இசபெல், கில்பர்ட் டி கிளேரை மணந்தாள். அவர்களுக்குப் பிறந்த பெண்ணுக்கும் இசபெல் என்றே பெயர். ஆக, பாட்டி இசபெல் டி கிளேர், பேத்தியும் இசபெல் டி கிளேர். பாட்டியின் பெயரைச் சுமப்பதால்தானே நம் மொழியில் அவள் பெயர்த்தி! ஆனால் பத்திரத்தைப் படிக்கிறவருக்கு இது தலைவலி. பெயரைப் பார்க்காதீர்கள், எந்த ஆண்டு, எந்த ஊர் நிலம், கணவன் யார் என்று பாருங்கள். இந்தப் பேத்தியின் கணவர் ஸ்காட்லாந்தின் அனன்டேல் பிரபு, ராபர்ட் புரூஸ். அவர்களுடைய பேரனும் ராபர்ட் புரூஸ்தான். 1306-இல் ஸ்காட்லாந்து மன்னராக முடிசூடியவர் அவர். அதாவது, மார்ஷலுக்குப் பேத்தியின் பேரன்.

[திரையில்: இரண்டு கிளைகள், பக்கத்துப் பக்கத்தில்.]

இப்போது பக்கத்துக் கிளையைப் பாருங்கள். அந்தப் பேத்தியின் உடன்பிறந்தவன் ரிச்சர்ட் டி கிளேர். அவனுடைய பேரன் இன்னொரு கில்பர்ட், குளோஸ்டர் பிரபு. மார்ஷலுக்குப் பேரனின் பேரன். இந்தக் கில்பர்ட்டும் புரூஸ் மன்னரும் அல்ஸ்டர் பிரபுவின் இரண்டு பெண்களை மணந்தவர்கள். ஆக, சகலைகளும்கூட.

1314, ஜூன். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய பானக்பர்ன் போர்க்களம். ஆங்கிலேயர் பக்கம் முன்னால் பாய்ந்த கில்பர்ட் அங்கேயே விழுந்தான். வயது 23. ஜெயித்த புரூஸ் பணயத்தொகை எதுவும் கேட்காமல் சகலையின் உடலை அனுப்பிவைத்தார். டியூக்ஸ்பரி மடாலயத்தில், அப்பா, தாத்தா படுத்திருக்கும் இடத்திலேயே அவனையும் புதைத்தார்கள்.